விதைநெல்லும் தாய் மீனும்

ஊரைவிட்டு வெளிக்கிடும்போது ஒரு கமக்காரக் குடும்பம் எதை எடுத்துக்கொண்டு வருகிறது என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், இருந்தால் கொஞ்ச நகை. அதற்கு அடுத்தபடியாகப் பலர் சொன்னது ஒரு சிறு பை விதை. மிளகாய் விதையாக இருக்கலாம், பயறாக இருக்கலாம், இரண்டு கொத்து நெல்லாகவும் இருக்கலாம். போகுமிடத்தில் ஒரு துண்டு நிலமாவது கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்தப் பைக்குள் இருந்தது. வயிறு காய்ந்தாலும் விதைநெல்லில் கைவைப்பதில்லை என்பது எமது மக்களிடையே எவரும் எழுதிவைக்காத சட்டம்.

அந்தச் சட்டத்தை மீன் வளர்ப்புக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே நான் இங்கு சொல்ல வந்தது. மீனுக்கு விதைநெல் தாய் மீன்தான். ஆனால் இரண்டுக்குமிடையே ஒரு வித்தியாசம் உண்டு. விதைநெல்லைக் காப்பாற்ற அதைத் தின்னாமல் இருந்தாற் போதும். தாய் மீனைக் காப்பாற்ற அதற்குத் தின்னக் கொடுக்க வேண்டும். அதுவும் கண்டதையும் கொடுத்தால் ஆகாது. புரதம் உள்ளதைக் கொடுக்க வேண்டும். இங்கேதான் எமது திட்டங்கள் வழுக்குகின்றன.

வத்தேகமவைச் சுற்றி இருப்பவர்களில் இடம்பெயராதவர் யார் என்று தேட வேண்டியிருக்கிறது. விக்டோரியா நீர்த்தேக்கம் 1985 இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரமும் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் தண்ணீருக்குள் போயின. அங்கிருந்து எழுப்பப்பட்டவர்களிற் சிலர் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள், சிலர் தேயிலைக் காணிகளைப் பிரித்துக் கொடுத்த இடங்களுக்கு ஏறி வந்தார்கள். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களால் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், அங்கு காடு வெட்டிக் கமம் செய்து, பின்னர் யுத்தத்தால் அங்கிருந்தும் துரத்தப்பட்டு, சொந்தக்காரரின் லயத்துக்குத் திரும்பி வந்தவர்கள் உண்டு. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் இன்னும் பல குடும்பங்களை வீட்டையும் தோட்டத்தையும் விட்டு எழும்ப வைத்தன. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு விடயம் என்னவென்றால், கமம் தெரியும், காணிதான் இல்லை. பத்துப் பேர்ச் நிலத்தில் வீட்டையும் கட்டி, கறிவேப்பிலையையும் நட்டு, மிச்சத்தில் என்ன செய்வது என்பதே கேள்வி.

அந்த மிச்ச இடத்துக்குச் சீமெந்துத் தாங்கியும் மீன்குஞ்சும் என்று பலர் யோசனை சொல்கிறார்கள். யோசனை தவறில்லை. அதிலும் கெளுத்தி இனத்து மீன்கள் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஏற்றவை. சுங்கானை எடுத்துக்கொள்ளுங்கள். செவுளால் மட்டுமன்றி, மேலே வந்து வாயால் வெளிக்காற்றையும் எடுத்து மூச்சுவிடக்கூடிய மீன் அது. தண்ணீர் குறைந்தாலும், கொஞ்சம் கலங்கினாலும் உடனே செத்து மிதக்காது. ஈரச் சாக்கில் சுற்றி உயிரோடு சந்தைக்குக் கொண்டுபோகலாம். ஐஸ் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. முள்ளால் குத்தினால் அன்றைக்கு முழுக்கக் கை கடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட கிழக்கில் குளங்களில் இறங்கியவர்களுக்கு அது தெரியும். வங்காளத்தில் நோயில் எழும்பியவருக்கு இந்த மீனில்தான் குழம்பு வைத்துக் கொடுப்பார்கள்.

ஆனால் குஞ்சு எங்கிருந்து வரும்? இதுதான் நாம் கேட்க மறக்கிற கேள்வி. தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, மக்கள் வாயில் ‘நக்டா’, 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. தம்புள்ள, உடவளவ, இங்கினியாகல போன்ற இடங்களில் அதற்குக் குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் உண்டு. அங்கு பெருமளவில் கிடைப்பவை திலாப்பியா, கட்லா, றோகு, சாதாரண காப் போன்ற குளத்து மீன்களின் குஞ்சுகள். அவை பெரிய குளங்களுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் ஏற்றவை. கெளுத்தி வளர்க்க விரும்புகிறவர் பெரும்பாலும் தன் தாய் மீனைத் தானே வைத்திருக்க வேண்டியவர். ஆகவே அவருக்குத் தாய் மீனின் தீன் என்பது எவரோ ஒரு உத்தியோகத்தரின் கவலை அல்ல. அவருடைய குசினிக் கவலை.

தாய் மீனைக் கவனிக்க ஆளில்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1990 இல் அரசாங்கம், நன்னீர் மீன்பிடிக்கும் மீன் வளர்ப்புக்கும் தான் அளித்து வந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. உயிர்க்கொலையை அரசு ஊக்குவிக்கக் கூடாது என்ற சமய உணர்வு அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அந்த உணர்வை நான் பழிக்கவில்லை. எமது அயலவர்களின் உணர்வு அது, இன்றைக்கும் தாங்கி கட்டுமுன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லுவது நல்லது. ஆனால் விளைவைப் பாருங்கள். அரசாங்கக் குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் கைவிடப்பட்டன. சில அலங்கார மீன் வியாபாரிகளுக்குக் குத்தகைக்குப் போயின. 1989 இல் ஏறத்தாழ 39,000 தொன்னாக இருந்த நன்னீர் மீன் உற்பத்தி 1994 இல் ஏறத்தாழ 12,000 தொன்னாக விழுந்தது. குளங்கள் அப்படியே இருந்தன. வலையும் தோணியும் இருந்தன. மீன்பிடிக்கத் தெரிந்த கைகளும் இருந்தன. குளத்தில் விடக் குஞ்சு இல்லை, கவனிக்க ஆள் இல்லை. 1994 இல் ஆதரவு திரும்பி வந்தபோதும், விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியவில்லை. நல்ல தாய் மீன் கூட்டம் ஒன்று ஒரே நாளில் உண்டாவதில்லை.

‘மீனைக் கொடாதே, மீன்பிடிக்கக் கற்றுக்கொடு’ என்று எமது அபிவிருத்திக் கூட்டங்களில் சொல்லாத ஆளில்லை. கேட்கும்போதெல்லாம், குளத்தில் மீனை யார் வைப்பது என்று கேட்கத் தோன்றும்.

இனி விடயத்துக்கு வருவோம். தாய் மீனுக்குப் புரதம் ஏன்?

குஞ்சு மீன் தின்னுகிற புரதம் சதையாகிறது, நீளமாகிறது. அதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம், தராசில் போடுகிறோம். பருவத்துக்கு வந்த பெண் மீனின் கதை வேறு. அது தின்னும் புரதத்தில் ஒரு பகுதி உடம்பைப் பராமரிக்கவும் வளர்க்கவும் போகிறது. மற்றப் பகுதி ஈரலுக்குப் போய், அங்கு முட்டையின் மஞ்சட்கருவுக்கு வேண்டிய பொருளாக மாற்றப்பட்டு, இரத்தத்தின் வழியாகச் சினைக்குப் போய்ச் சேருகிறது. முட்டை பொரித்து வரும் குஞ்சு வாய்திறந்து தின்னத் தொடங்கும் வரை அதற்கு இருக்கும் ஒரே சாப்பாடு அந்த மஞ்சட்கருதான். சட்டியில் இருந்தாற்தானே அகப்பையில் வரும்? தாயின் தீனில் புரதம் போதாவிட்டால் முதலில் அதன் வளர்ச்சி நின்றுவிடும், பிறகு முட்டையின் தொகை குறையும், முட்டை சிறுக்கும், பொரிக்கும் வீதம் குறையும், பொரித்த குஞ்சும் நோஞ்சானாக இருக்கும்.

முட்டை என்பது சிறிய சுமையல்ல. உலகத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட கெளுத்திகளில் ஒன்றான ஆபிரிக்கக் கெளுத்தியில், நன்றாகத் தீன் தின்ற தாயின் உடல் எடையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் முட்டையாகவே இருக்கும். ஒரு கிராம் முட்டையில் 600, 700 முட்டைகள். ஒரு கிலோ தாய் 150 கிராமை ஒரே தடவையில் வெளியே விடுகிறது. அதைத் திருப்பி நிரப்பாமல் அடுத்த மழைக்கும் முட்டை கேட்பது, கன்று போட்ட பசுவுக்கு வைக்கோலை மட்டும் போட்டுவிட்டுப் பால் கேட்பது போன்றது.

எவ்வளவு புரதம்? கெளுத்தி இனங்களில் நடந்த ஆய்வுகள் பொதுவாகக் காட்டுவது இது: தீனில் புரதத்தைக் கூட்டக் கூட்ட வளர்ச்சி கூடும், ஓரளவுக்கு மேல் கூடாது. குஞ்சுப் பருவத்தில் அந்த எல்லை 40 வீதத்தைத் தாண்டலாம். தாய் மீனுக்கு 35 வீதம் அளவில் வைத்தால் பெரிய பிழை வராது. ஊனுண்ணும் தன்மை கூடிய இனங்களுக்கு 40 வரை போகலாம். அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்தில் பெருந்தொகையாக வளர்க்கப்படும் கெளுத்திக்கு விற்பனை மீனுக்கான தீனில் 28 முதல் 32 வீதம் வரை புரதம் வைக்கிறார்கள். தாய் மீன் குளத்திலோ அதோடு நிற்காமல், சிறு மீன்களையும் உயிரோடு விட்டு வைப்பதுண்டு, தாய்கள் தாமாகப் பிடித்துத் தின்னட்டும் என்று. வலியது தீனைத் தட்டிப் பறிக்கும்போது மெலியதற்கும் ஏதாவது கிடைக்கும்.

எல்லையைத் தாண்டிக் கொடுத்தால் என்ன? மிஞ்சிய புரதத்தை மீன் சேமித்து வைக்காது. அதை எரித்துச் சக்தியாக்கிவிட்டு, கழிவை அமோனியாவாகச் செவுள் வழியே தண்ணீருக்குள் விடும். சின்னத் தாங்கியில் அது நஞ்சு. காசு கொடுத்து வாங்கிய புரதம் தண்ணீரைக் கெடுக்கப் போகிறது. ஆகவே ‘கூடினால் நல்லது’ என்ற எண்ணமும் வேண்டாம்.

ஆனால் எமது பக்கத்தில் நான் காணும் பிழை கூடுதல் அல்ல, குறைவு. வத்தேகமவிலிருந்து பன்வில போகும் பக்கத்தில் ஒரு குடும்பம் ஏழெட்டுப் பெரிய சுங்கானைத் தாயாக வைத்து ஒரு வருடம் பார்த்தது. மிச்சச் சோறு, தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு. ஒருநாளும் பட்டினி போடவில்லை. மழை வந்தது, முட்டை வரவில்லை. ஒன்றை அறுத்துப் பார்த்தபோது வயிறு முழுக்க மஞ்சட் கொழுப்பு, சினை இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய நூல் போல ஏதோ. “நல்லாக் கொழுத்துத்தானே இருந்துச்சு, சார்” என்றார் அந்த வீட்டு அம்மா. அவரில் பிழையில்லை. குஞ்சும் தாங்கியும் கொடுத்தவர்கள், தாய்க்கு என்ன கொடுப்பது என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. கொழுத்த மீன் வேறு, சினைப்பட்ட மீன் வேறு. மாப்பொருள் மிஞ்சினால் கொழுப்பு வரும், புரதம் இல்லாமல் முட்டை வராது.

கையில் கிடைக்கும் சாமான்களின் புரதக் கணக்கைக் கமக்காரர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், உரத்தின் கணக்கை வைத்திருந்தது போல. அரிசித் தவிட்டில் நூற்றுக்கு 12 அளவு. தேங்காய்ப் புண்ணாக்கில் 20 அளவு. எள்ளுப் புண்ணாக்கில் 40ஐ ஒட்டி. எண்ணெய் எடுத்த சோயாவில் 45. நல்ல மீன்தூளில் 60க்கு மேல். முட்டைக்கோழித் தீனில் 16, 17 தான். ஆகவே கோழித்தீனைத் தாய் மீனுக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

தவிட்டையும் மீன்தூளையும் மட்டும் கொண்டு 35 வீதத்துக்குக் கலப்பதானால், பத்துக் கிலோவில் மீன்தூள் ஏறத்தாழ 4 கிலோ 800 கிராம், தவிடு 5 கிலோ 200 கிராம். இது விலை கூடிய கலவை. மீன்தூளைக் குறைத்துச் சோயாவைச் சேர்த்தால், மீன்தூள் 2 கிலோ 850, சோயா 2 கிலோ 850, தவிடு 4 கிலோ 300 என்று வரும். புரதம் அதே 35 வீதம்தான். கொஞ்சம் கோதுமை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, இடியப்ப உரலில் பிழிந்து, நிழலில் காயவிடலாம். பச்சைச் சோயா அவரையை அப்படியே அரைத்துப் போடக்கூடாது. புரதம் சமிக்கவிடாமல் தடுக்கும் பொருளொன்று அதில் இருக்கிறது, வறுத்தால் அல்லது அவித்தால் போய்விடும். பச்சை மீன் கழிவையும் அவித்தே கொடுக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். மலைநாட்டு மழைக்காலத்தில் சாக்கின் அடியில் பச்சையாக, கறுப்பாகப் பிடிப்பது ஈரலைக் கெடுக்கும் நஞ்சைத் தரக்கூடியது. முட்டைக்கு வேண்டியதைச் செய்வதே ஈரல் என்று மேலே சொன்னேன். ஒரே தடவையில் ஒரு மாதத்துக்கு மேல் தீன் செய்து வைக்காமல் இருப்பது புத்தி.

இனி, கேட்கத் தயங்குகிற கேள்விக்கு வருகிறேன். பிள்ளையின் கோப்பையில் பருப்பும் சோறும் மட்டும் இருக்கும்போது, மீனுக்கு மீன்தூளும் சோயாவும் கொடுப்பது நியாயமா? ஒரு கூட்டத்தில் ஒரு தாய் இதைக் கேட்டார். அங்கிருந்தவர்களிற் சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமற் போய்ச் சாமான் விலை ஏறியபோது, முதலில் கோப்பையிலிருந்து மறைந்தது மீனும் முட்டையும்தான். தீன் வாங்க முடியாமல் சிறு கோழிப் பண்ணைகளும் மூடப்பட்டன. நெத்தலிக் கருவாட்டை இடித்து மீனுக்குப் போடு என்று அந்தத் தாய்க்குச் சொல்ல எனக்கு வாய் வராது, இன்றைக்கும் வராது.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு தாய் மீன் தாங்கி என்று வைத்துக்கொள்வோம். அதில் தாயும் ஆணுமாக 40 சுங்கான். ஒன்று சராசரி 150 கிராம் என்றால் மொத்தம் 6 கிலோ. நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு 3 பங்கு தீன் என்றால் 180 கிராம். அதில் 35 வீதம் புரதம் என்றால் 63 கிராம். வளர்ந்த ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதம் ஏறத்தாழ அவ்வளவுதான். இருபத்தைந்து குடும்பங்களின் விதைநெல்லைக் காக்க, ஒரு ஆளின் பங்கு. நான்கு மாதத்துக்கும் சேர்த்து 22 கிலோ தீனுக்குள் முடிகிற காரியம்.

இதையே விற்பனை மீனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2,000 குஞ்சுகளை ஒவ்வொன்றும் 100 கிராம் வரை வளர்ப்பதானால் 200 கிலோ மீன். அதற்கு 300, 400 கிலோ தீன் வேண்டும். எமது திட்டப் பிரேரணைகளில் இந்த 400 கிலோவுக்குக் காசு ஒதுக்கப்படுகிறது. தாங்கிக்குச் சீமெந்துக் கணக்கு இருக்கிறது. பெயர்ப்பலகைக்குக் கூட ஒரு வரி இருக்கிறது. தாய் மீனின் 22 கிலோவுக்கு வரி இல்லை. முதல் வருடம் குஞ்சு வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவோம், இரண்டாம் வருடம் குஞ்சு எங்கே என்று எவரும் கேட்பதில்லை. தாங்கியில் உடுப்புத் தோய்க்கிறார்கள்.

எனவே, என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். புதிதாகத் தாங்கி கட்டுவதை ஒரு வருடம் நிறுத்தினாலும் பரவாயில்லை, தாய் மீனின் தீனைத் திட்டம் ஏற்க வேண்டும். வீட்டுக்கு வீடு தாய் மீன் வைக்கச் சொல்வது பிழை. கஷ்டம் வந்தால் எந்த வீடும் முதலில் பெரிய மீனைத்தான் சட்டியில் போடும். அதைக் குற்றமாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பங்கு வளவிலோ, முன்பள்ளி வளவிலோ, வாசிகசாலை வளவிலோ ஒரு பொதுத் தாங்கி. தீன் போடும் முறை வீட்டுக்கு ஒரு நாள். கணக்குப் புத்தகம் ஒன்று. பொரிக்கும் குஞ்சில் எல்லாருக்கும் பங்கு. கோயில் நெல்லை ஊர் சேர்ந்து காத்த காலம் எமக்கு மறந்துவிடவில்லையே. பொதுத் தாங்கி என்றால் எவரும் கவனிக்க மாட்டார்கள் என்பார்கள். சில இடங்களில் அது உண்மைதான். அதற்காகவே முறையையும் புத்தகத்தையும் சொல்கிறேன். யாருடைய நாளில் தீன் போடவில்லை என்பது எழுத்தில் தெரிந்தால் வாய்ச்சண்டை குறையும்.

புரதத்தைக் கடையில் மட்டும் தேட வேண்டியதும் இல்லை. மீன் கடையில் எறியும் தலையும் குடலும் இருக்கிறது. கோழிக் கடைக் கழிவில் கொழுப்பு அதிகம், அளவோடு, அவித்து. மரக்கறிப் பாத்தியை இரவில் தின்று தீர்க்கும் பெரிய ஆபிரிக்க நத்தை கண்டிப் பக்கத்தில் கொள்ளையாக இருக்கிறது. உப்புப் போட்டுக் கொல்லும் அந்த நத்தையை நன்றாக அவித்து, ஓட்டை நீக்கி, அரிந்து போட்டால் தாய் மீன் விரும்பித் தின்னும். வெறுங்கையால் அதைத் தொட வேண்டாம், பச்சையாகப் போடவும் வேண்டாம். மனிதருக்கு நோய் கொடுக்கும் புழு அதில் இருக்கலாம். சாணத்தில் மண்புழு வளர்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உலர்ந்த மண்புழுவில் 60 வீதம் புரதம் என்று கேட்டு மயங்கிவிடாதீர்கள். பச்சைப் புழுவில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோவில் 100 கிராம் அளவே புரதம். குளவியைப் போல மெலிந்த ஒரு கறுப்பு ஈ குசினிக் கழிவில் முட்டையிடுவதைக் கண்டிருப்பீர்கள். அதன் புழுவை உலர்த்தினால் 40 வீதமளவு புரதம். வீட்டு ஈயைப் போல அது சாப்பாட்டில் வந்து இருக்காது. மூடியில் துளையிட்ட வாளி ஒன்றிலேயே இதை வளர்க்கலாம். பிள்ளையின் கோப்பையிலிருந்து ஒரு கரண்டியும் எடுக்காமல் தாய் மீனின் பங்கில் பாதியையாவது இப்படித் தேடிக்கொள்ளலாம் என்று நம்புகிறேன். மிச்சப் பாதிக்குத்தான் திட்டத்தின் காசு.

மலைநாட்டில் இருப்பதால் இன்னொன்று சொல்ல வேண்டும். கெளுத்தி பள்ளத்து வெப்பத்துக்குப் பழகிய மீன். தண்ணீர் 27, 28 பாகை செல்சியசில் இருக்கும்போது நன்றாகத் தின்னும். 20 ஐ நெருங்கும்போது வாய் மந்தமாகும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் எமது தாங்கித் தண்ணீர் எவ்வளவு குளிரும் என்பது முகம் கழுவுகிற எவருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் வன்னியில் போட்ட அளவுக்குத் தீன் போட்டால் அது அடியில் கிடந்து அழுகும். காலையில் போடாமல், வெயில் ஏறித் தண்ணீர் சூடான பிறகு பின்னேரம் போடுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் தின்று முடிக்காததை அடுத்த நாள் குறையுங்கள். தாங்கியை மரநிழலில் கட்டாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடுகு போட்டால் போதும்.

வெளிநாட்டுக் கெளுத்தியைப் பற்றியும் சிலர் ஆசை காட்டுகிறார்கள். ஆபிரிக்கக் கெளுத்தி சீக்கிரம் வளரும், அதில் சந்தேகமில்லை. இந்தியாவில் 2000 ஆம் ஆண்டில் அதை வளர்ப்பது தடை செய்யப்பட்டது, அது ஆற்றுக்குள் தப்பினால் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கும் என்ற காரணத்தால். தடைக்குப் பிறகும் அது இந்திய ஆறுகளில் இருக்கிறது. 2018 இல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது வளர்ப்புக் குளங்களிலிருந்து பல அந்நிய மீன்கள் ஆறுகளுக்குள் போயின. அமேசன் ஆற்றின் அரபைமா கூட அங்கு வலையில் அகப்பட்டது. எமது தாங்கித் தண்ணீர் வழிந்து போவது மகாவலிக்கு. சிங்களத்தில் ‘மகுரா’ என்று சொல்லப்படும் கெளுத்தி உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை. மண்சரிவு எமது காணியை எடுத்துக்கொண்டது போதும். எமது தாங்கியால் அந்த மீனின் இடம் போகக்கூடாது. ஆகவே எவர் இலவசமாகத் தந்தாலும், அனுமதி இல்லாத இனத்தை வாங்காதீர்கள். சுங்கானைத் தாயாகச் சேர்ப்பதானாலும், ஓடையில் பிடிக்குமுன் பிரதேசத்து நீர்வாழ் உயிரின வளர்ப்பு உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குஞ்சு பொரிக்க வைப்பதற்கு ஊசி போடும் முறை உண்டு. அதை ஒருநாட் பயிற்சியில் பழகலாம், பழகியவரை வைத்துச் செய்விக்கலாம். ஊசி இல்லாத இடத்தில் ஊசியைத்தான் எல்லாரும் குறையாகச் சொல்வார்கள். உண்மையில் ஊசி முட்டையை உண்டாக்குவதில்லை. வயிற்றில் தயாராக இருக்கும் முட்டையை முதிரச் செய்து வெளியே கொண்டுவருவது மட்டுமே அதன் வேலை. நான்கு மாதம் புண்ணாக்கிலும் சோற்றிலும் இருந்த மீனுக்கு எவ்வளவு விலையான ஊசி போட்டாலும் ஒன்றும் வராது, மீன்தான் சாகும்.

சுங்கானுக்குக் குஞ்சு வைக்கும் காலம் மழையோடு வருவது. எமது பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை அதற்கு உகந்தது. நான்கு மாதம் முந்திப் பார்த்தால் ஆனி. ஆனி பிறக்குமுன் பொதுத் தாங்கிக்கு 40 மீனைத் தெரிந்தெடுத்து வைத்திருக்க வேண்டும். காயமில்லாதது, முதுகு வளையாதது, ஒரே தாயின் குஞ்சுகளாக இல்லாதது. ஒன்றிரண்டை மாதம் ஒருமுறை நிறுத்து, எடையைப் புத்தகத்தில் எழுதுங்கள். எடை ஏறாமல் வயிறு மட்டும் தொங்கினால் கலவையில் தவிடு கூடிவிட்டது. வைகாசி மாதக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் எழுதும்போது தாங்கிக்கும் சீமெந்துக்கும் மேலே, முதலாவது வரியாக, தாய் மீனின் 22 கிலோவை எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுத மறுத்தால் ஏன் என்றும் கேளுங்கள்.